சாமியோடு சண்டை பிடிக்கிற சனம்: வன்னியில் பக்தியும் போராட்டமும்

இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னியில் சமூக வேலை என்று இறங்கிய எவரையும் சொந்தக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். காணிப் பிரச்சினையாக இருக்கட்டும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விடயமாக இருக்கட்டும், நுண்கடன் கட்ட வழியில்லாத பெண்களோடு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பொலிசுக்கும் அலைகிற வேலையாக இருக்கட்டும், கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு காலமும் கத்தி என்னத்தைக் கண்டனீங்கள்?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கணக்குப் பார்த்தால் கேட்பதில் பிழையும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. அந்த வாரமே வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் கொட்டில் போட்டார்கள். வடக்குக் கிழக்கு முழுவதும் இந்தப் போராட்டத்தில் இருந்த அம்மா அப்பாமாரில் நூற்றுக்கும் அதிகமானவர்கள், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். மிச்சப்பேர் இன்னும் வருகிறார்கள்.

எப்படி வருகிறார்கள்? வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர்கள் "உளவலிமை" என்று எழுதிவிட்டுப் போவார்கள், ஊரில் கேட்டால் "கடவுள்தான் தாங்குறார்" என்பார்கள். இரண்டாவது பதில் உண்மைக்குக் கிட்ட இருக்கிறது, ஆனால் அந்தத் தாங்குதல் எப்படி நடக்கிறது என்று அது சொல்வதில்லை. எல்லாம் நல்லபடி முடியும் என்ற வாக்குறுதியைப் போரின் முடிவான 2009ஐப் பார்த்த சனத்திடம் எந்தச் சாமியின் பெயராலும் விற்க முடியாது. நான் பார்த்த அளவில் வன்னியில் பக்தி கொடுப்பது வேறு: கூடுவதற்கு ஒரு திகதி, நிற்பதற்கு ஓர் இடம், அப்புறம் கோபித்துக்கொள்ள ஓர் ஆள். மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

எங்கள் ஊர்ப் பக்தி அடங்கி ஒடுங்கிய பக்தி கிடையாது. "உனக்குக் கண் இல்லையா", "கல்லாகத்தான் இருக்கிறாய் போல" என்று வாசலில் நின்று அம்மனைத் திட்டுகிற கிழவிமாரை எல்லாக் கோயிலிலும் காணலாம். மண்ணை அள்ளித் தூற்றிச் சாபம் போடுவதும் கோயில் வாசலில்தான் நடக்கும். கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் சிவனோடு பிடித்த சண்டையும் இந்த வகைதானே, பழைய வழக்கம் இது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கற்பூரச் சட்டி ஏந்திப் போனதையும், கோயில் வாசலில் தேங்காய் அடித்ததையும் பார்த்த சிலர் "இதென்ன அரசியல் போராட்டமா, திருவிழாவா" என்று நக்கலடித்தார்கள். அந்த நக்கலுக்கு முன்னால் இந்த அம்மாமார் எங்கெல்லாம் போய் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இலிருந்து காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு இடத்துக்கும் அதே பொலித்தீன் பை, அதற்குள் அதே படம், அதே பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், ஜீஎஸ் (கிராம சேவகர்) கொடுத்த உறுதிப்படுத்தல். மனிதர்களிடம் கொடுக்கக்கூடிய முறைப்பாடு எல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான் அது முருகனிடம் போனது. (தேங்காய் விற்கிற விலைக்கு அதுவும் சின்னச் செலவில்லை.)

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. கோபத்தைக் கொட்ட ஆள் இல்லாதவருக்கு அது உள்ளேயே கிடந்து அழுகி, கடைசியில் "விடு, இனி என்ன" என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். இருபது வயதில் இப்படி வேலை செய்ய வந்த பலர் முப்பதுக்குள் களைத்துப் போனதை நான் கண்டிருக்கிறேன், அவர்கள் கொள்கையில் உறுதியில்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன், திட்டித் தீர்க்க அவர்களுக்கு அதிகாரி மட்டும்தான் இருந்தார், அதிகாரியோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்விடுவார். அம்மன் மாற்றலாகிப் போவதில்லை.

சரி, ஏன் கோயில் முன்றல்? பாதிக் காரணம் நடைமுறைதான். கந்தசுவாமி கோயில் ஏ9 வீதிக் கரையில் இருக்கிறது, போகிற வருகிற பஸ்ஸில் இருக்கிறவனுக்கும் பதாகை தெரியும். கொட்டிலை எழுப்பச் சொல்லிப் பொலிஸ் வந்தால் கோயில் சனமும் கூடிவிடும் என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கும். இன்னொரு காரணம் பெண்களோடு கதைத்தால் மட்டுமே விளங்கும். கணவன் இல்லாத, அல்லது கணவன் எங்கே என்று தெரியாத ஒரு பெண் வன்னிக் கிராமத்தில் காலையில் வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பினால் கதை கட்டுவதற்கு ஆள் இருக்கிறது. "கூட்டத்துக்குப் போறன்" என்றால் மாமி முகம் கோணும். "கோயிலுக்குப் போறன்" என்றால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. மாதர் சங்கம் நடத்துகிறவர்கள், கடன் பிரச்சினைக்குப் பெண்களைக் கூட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 2018இல் நுண்கடன் கம்பெனிகளுக்கு எதிராக வடக்கில் பெண்கள் வீதிக்கு வந்தார்களே, அந்த வருடமே ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடனுக்கு அரசு ஒரு நிவாரணத் திட்டம் அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்த கதைகளில் பல வெள்ளிக்கிழமைக் கோயில் வீதியிலும் ஞாயிறு பூசை முடிந்த தேவாலய முற்றத்திலும்தான் முதலில் கதைக்கப்பட்டன.

இனி வற்றாப்பளை. வன்னியில் பக்தியும் நீதியும் எப்படி ஒட்டிக் கிடக்கின்றன என்று விளங்க வேண்டுமானால் இந்தக் கோயிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவில் நந்திக்கடல் என்ற களப்பின் ஓரத்தில் இருக்கிற கண்ணகை அம்மன் கோயில் இது. வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை பொங்கல். அதற்கு முன்னாலேயே பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு வேலை தொடங்கிவிடும், பிறகு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணீரிலே விளக்கு எரிப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை என்றார்கள், அந்தத் தண்ணியை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தண்ணீரில் விளக்கு எரியுமா என்று விஞ்ஞானம் படித்த மருமக்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், அந்த விவாதத்துக்கு நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தச் சடங்கில் யார் எதைச் செய்வது என்ற பொறுப்பு ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகப் பிரிந்து கிடப்பது. தீர்த்தம் எடுக்கிறவர், மடைப்பண்டம் கொண்டுவருகிறவர், கூத்துக்கு ஆட்களைச் சேர்க்கிறவர் என்று ஒரு பெரிய வலை அது. 2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் சனத்தை மெனிக்பாம் போன்ற முகாம்களில் அடைத்து, பிறகு துண்டு துண்டாகத் திருப்பி அனுப்பியபோது கிராமச் சங்கங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன, கணக்குப் புத்தகம் இல்லை, தலைவர் இல்லை, செயலாளர் எங்கே என்று தெரியாது. கோயில் வலை மட்டும் ஆளுக்கு ஆள் நினைவில் இருந்தது. அதைப் பிடித்துத்தான் மற்றச் சங்கங்கள் திரும்ப எழும்பின.

கண்ணகியின் கதையும் சும்மா இல்லை. அவள் அருள் கொடுக்கிற தாய் மட்டும் கிடையாது, வழக்கோடு அரண்மனைக்குப் போன பெண். கணவனை விசாரணை இல்லாமல் கொன்ற அரசனிடம் தனியாகப் போய், சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டி, தீர்ப்புப் பிழை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தவள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்படுகிற ஊர்களில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, படத்தையும் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு அதிகாரத்தின் முன்னால் நிற்பது என்பது தன்னார்வ நிறுவனம் வந்து சொல்லிக் கொடுத்த "உரிமை விழிப்புணர்வு" இல்லை. அவள் கும்பிடுகிற தெய்வம் செய்த வேலையே அதுதான். இந்தக் கோயிலுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற நந்திக்கடலில்தான் போரின் கடைசி நாட்களும் முடிந்தன. சில வருடங்களில் போரில் செத்தவர்களை நினைவுகூருகிற மே 18 முடிந்த கையோடு பொங்கல் வந்துவிடும், 2024இல் மே 20. முள்ளிவாய்க்காலில் கண்ணீர் விட்ட அதே சனம் மறுநாள் பொங்கல் பானைக்கு விறகு தேடும்.

கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு வந்தால் சாமி மாறும், சங்கதி மாறாது. மன்னார்ப் பக்கத்து மடுத் தேவாலயத்தில் இருக்கிற மாதாவின் சுரூபம் மாந்தையிலிருந்து 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்பது மரபு. அதாவது மாதாவே இடம்பெயர்ந்து வந்தவ. 1990களில் ஆயிரக்கணக்கான அகதிகள் அந்த வளவில் கிடந்தார்கள், 1999 நவம்பரில் தஞ்சம் புகுந்த சனத்தின் மேலேயே எறிகணை விழுந்தது, 2008 ஏப்ரலில் குருமார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். "மாதாவும் எங்களோட ஓடினவதானே" என்று சைவக்காரரும் சொல்வார்கள். எங்கேயோ மேலே பாதுகாப்பாக இருந்துகொண்டு ஆறுதல் சொல்கிற தெய்வத்தை விட, கூட ஓடி வந்த தெய்வத்தோடு கதைப்பது சனத்துக்கு இலகு.

ஆனால் நம்பிக்கை எப்படி ஒரு வெற்றியாகவும் மாறும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பிரிவில், கரையிலிருந்து படகில் போகிற தூரத்தில் இருக்கிற பெரியதீவும் சின்னத்தீவும். கத்தோலிக்க மீனவ சனம். 1992இல் தீவை விட்டு வெளியேற வேண்டி வந்தது, பிறகு கடற்படை உள்ளே இருந்தது, சனம் முழங்காவில் பக்கத்தில் இரணைமாதாநகரில் தங்கிவிட்டது. கடிதம், மனு, கூட்டம் எல்லாம் வழமைபோல. 2017 மே 1ஆம் திகதி கரையில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடம் ஆகியும் அசைவில்லை. அப்படி இருக்கும்போது 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில், பெண்கள் வயசாளிகள் எல்லோருமாக, குருமாரும் கூட, நேரே தீவுக்கு ஓட்டிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இறங்கியதும் அதிகாரியைத் தேடிப் போகவில்லை, தங்கள் பழைய மாதா கோயிலுக்குப் போய்ச் செபம் சொன்னார்கள். பிறகுதான் "நாங்கள் இனி இங்கேதான் இருப்போம்" என்ற கதை.

இதைச் சும்மா உணர்ச்சிக் கதையாகப் பார்க்கக்கூடாது, அதில் தந்திரமும் இருக்கிறது. ஆயுதம் வைத்திருக்கிற கடற்படைக்காரனுக்கு, கோஷம் போட்டுக்கொண்டு வருகிறவனை எப்படித் தடுப்பது என்று தெரியும். செபமாலையோடு கோயிலுக்குப் போகிற கிழவியை எப்படித் தடுப்பது? தடுத்தால் நாளைக்கு உலகம் முழுக்கப் படம் போகும். அங்கே போனவர்கள் இதை இப்படிக் கணக்குப் பார்த்துச் செய்தார்களா, இல்லை கால் தானாகவே கோயிலுக்குப் போனதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். அடுத்த மாதமே அரசாங்க அதிகாரிகள் தீவுக்கு வந்து, சனம் அங்கே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம், இறங்குதுறை என்று அதற்குப் பிறகு இழுத்த இழுவை வேறு கதை. அதில் பாதியும் இன்னும் சரிவரவில்லை என்றுதான் தீவுச் சனம் சொல்லும்.

இரணைதீவுக்கு இன்னொரு சோதனை 2021 மார்ச்சில் வந்தது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாசாக்களை (உடல்களை) கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த அரசு, எதிர்ப்புத் தாங்காமல் அடக்கம் செய்ய விடுவோம் என்று இறங்கி வந்தது, அதற்குத் தெரிவு செய்த இடம் இரணைதீவு. சனம் எதிர்த்தது, குருமாரும் கூட நின்றார்கள். இது எவ்வளவு வழுக்கலான இடம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொல் பிசகினால் "தமிழ்க் கத்தோலிக்கர் முஸ்லிம்களைப் புதைக்க விடவில்லை" என்று ஆகிவிடும். அடக்கம் செய்வது அவர்களுடைய உரிமை, அதை அவர்களுடைய ஊரிலேயே செய்ய விடுங்கள், காயம்பட்ட ஒரு சனத்தை இன்னொரு காயம்பட்ட சனத்தோடு மோத விடாதீர்கள் என்பதுதான் அங்கே சரியான நிலைப்பாடு. அதை அங்கே சொன்னார்கள். கடைசியில் கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை நடந்த பேரணியில் சைவ, கிறிஸ்தவ மதகுருமாரோடு முஸ்லிம்களும் இதே ஜனாசா விடயத்துக்காக நடந்து வந்திருந்தார்கள்.

குருமார் பற்றிக் கதைக்கிறபடியால் ஒரு விடயம். வன்னியில் மதப் பணி என்பது உயிர் போகக்கூடிய வேலையாக இருந்தது. 2007 செப்டெம்பர் 26இல் நிவாரணப் பொருட்களோடு போன பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோர்க் கண்ணிவெடியில் இறந்தார். 2008 ஏப்ரல் 20இல், ஞாயிறு பூசை முடித்துத் திரும்பிய கருணாரட்ணம் அடிகளாரும் அப்படியே. 2009 மே 18இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப் போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டவர். தேடுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய ஒருவர் தேடப்படுகிறவர்களின் பட்டியலிலேயே இருக்கிறார்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவில் கொடுத்த எண்ணிக்கை இப்போதும் பலருக்கு மனப்பாடம்: 146,679. அந்த எண் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்த சனத்தொகை என்று கச்சேரிக் கணக்கு சொன்னது 429,059. போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. கழித்துப் பாருங்கள். இத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் சொந்த எண்ணை வைத்து அரசாங்கத்தைக் கேட்ட கேள்வி அது. 2021 ஏப்ரல் 1இல் அவர் இறக்கும்வரை பதில் வரவில்லை. இறைநம்பிக்கை உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுகிற ஆள் இவர், ஒரு கழித்தல் கணக்கைப் பத்து வருடம் விடாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்.

இதெல்லாம் போருக்குப் பிறகு முளைத்தது என்றும் நினைக்க வேண்டாம். 1970களின் பிற்பகுதியில் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய காந்தியம் என்ற அமைப்பு, 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகச் சனத்தை வன்னியில் குடியேற்றியது, பாலர் பள்ளிகள் நடத்தியது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார், டேவிட் ஐயா மட்டக்களப்புச் சிறையுடைப்பில் தப்பி, இந்தியாவில் நீண்டகாலம் இருந்துவிட்டு, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் குடியேற்றிய சனத்தின் பிள்ளைகள் இன்னும் காணி உறுதிக்கு அலைகிறார்கள், இரணைமடுக் குளத்தின் கீழ் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். எங்கள் கோயில்களில் பல இந்தச் சனத்தைத் தேர் இழுக்கக் கூப்பிடும், நிர்வாக சபைக்குக் கூப்பிடாது. சாதி பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். கோயிலில் கூடுகிறோம் என்று பெருமைப்படுகிற நாங்கள், யாரை எந்த வரிசை வரைக்கும் கூடவிடுகிறோம் என்பதைக் கதைப்பதில்லை.

பக்தி கெடுக்கிற இடங்களும் உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை கோயில் மலராகிவிடும். பிள்ளையைத் தேடுகிற அம்மாமாரைக் குறிகாரர்கள் உறிஞ்சியது கொஞ்சநஞ்சமில்லை. "தெற்கில் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான், ஒரு பரிகாரம் செய்ய வேணும்" என்று சொல்லித் தோட்டை விற்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். போரில் செத்ததும் கடனில் மூழ்குவதும் உன்னுடைய பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், அதே நேரம், நேர்மையாகச் சொன்னால், கடன்காரன் வந்து நிற்கிற வீட்டுக்கு அன்றைக்கே அரிசியோடு போகிற சின்னச் சபைகளையும் நான் கண்டிருக்கிறேன். பிறகு மதச் சண்டை. 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரக் கோயில் வீதி வளைவை வைத்து மன்னாரில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் நடந்த சண்டை வெட்கக்கேடு. அதை விடப் பெரிய மௌனம் 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுச் சனமும் போனது. எங்கள் நீதிக்காகத் தேங்காய் உடைக்கிற நாங்கள், அவர்கள் காணி கேட்டுத் திரும்பி வரும்போது காட்டை வெட்டுகிறார்கள் என்று முறைப்பாடு எழுதுகிறோம். கண்ணகை அம்மன் இதற்கு என்ன சொல்வா என்று எனக்குத் தெரியும்.

வெடுக்குநாறி மலை விடயத்திலும் எனக்கு ஒரு சின்னப் பயம் உண்டு. நெடுங்கேணிப் பக்கத்தில் அந்த மலையில் இருக்கிற சிவன் கோயிலின் விக்கிரகங்கள் 2023இல் உடைக்கப்பட்டன, 2024 சிவராத்திரி இரவில் எட்டுப் பேரைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனது, பத்து நாட்களுக்கு மேல் உள்ளே இருந்துதான் விடுதலையானார்கள். அங்கே போய் நிற்பது சரியான காரியம், வழிபாட்டு உரிமைக்குப் பின்னால் காணி இருக்கிறது, காணிக்குப் பின்னால் ஊரே இருக்கிறது. பயம் என்னவென்றால், மலைக்கு வருகிற கூட்டம் நுண்கடன் கூட்டத்துக்கு வருவதில்லை. சாமிக்கு நடந்த அநியாயத்துக்குக் கொதிக்கிற இரத்தம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடக்கிறதுக்கும் கொதிக்க வேண்டும்.

கடைசியாக, பக்தியே ஒரு முடிச்சாக நிற்கிற இடம் ஒன்று. 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிண்டும்போது மனித எச்சங்கள் வந்தன. 2024 ஜூலைக்குள் 52 பேரின் எலும்புகள். அம்மாமார் போய் வெயிலில் நின்றார்கள். அது தன் பிள்ளையாக இருக்கக்கூடாது என்றும், யாராக இருந்தாலும் ஒரு முடிவு தெரியட்டும் என்றும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கும்பிடுவதை விளங்கப்படுத்த என்னால் முடியாது. செத்தவருக்கு அந்தியேட்டி, திவசம் இருக்கிறது, கத்தோலிக்கருக்கு இறந்தோர் பூசை இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கென்று ஒரு கிரியை எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆத்மா அலையும், செய்து முடியுங்கோ என்று சில ஐயர்மார் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அரசு மரணச் சான்றிதழையும் பிறகு காணாமைச் சான்றிதழையும் நீட்டியபோது மறுத்த அதே அம்மா, திவசத்தையும் மறுக்கிறா, ஏனென்றால் அவவுக்கு இரண்டும் ஒரே கையெழுத்துத்தான். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறா. அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்குச் செய்வது. இது ஐயருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், யாரும் யாரையும் திருத்துவதில்லை.

இளம் பெடி பெட்டைகள் இதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது கம்பசில், அல்லது வெளிநாட்டுக்கு ஏஜென்சிக் காசு கட்டிவிட்டு. பலருக்கு விரதமும் இல்லை, விசுவாசமும் இல்லை. ஆனால் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்ச அரிசி சேர்க்கிறவர்கள் அவர்கள்தான். 2024இல் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்கு ஆட்களைப் பிடித்தார்கள் என்று தெரிந்தும் சேர்த்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அதற்கு மந்திரமும் இல்லை, எந்த மதத்துக்கும் சொந்தமும் இல்லை, கோயில் வாசலிலும் காய்ச்சலாம், தேவாலய முற்றத்திலும் சந்தியிலும் காய்ச்சலாம். சாமி இல்லாத சடங்கு நிலைக்குமா என்று பழைய ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவாக இல்லை. அந்தியேட்டியும் காவடியும்கூட ஒரு காலத்தில் யாரோ தாங்க முடியாமல் தொடங்கியவைதானே. எனக்கு இருக்கிற கவலை வேறு: அடுத்த மேயில் அந்தப் பெடியளில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள் என்பது.